சும்மா கிடைக்கிறது, சும்மா நடக்கிறதில்லை

 

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் உள்ளவர்கள் முழுசாக வாசியுங்கள். பாதியில் நிறுத்திவிட்டுச் சண்டைக்கு வர வேண்டாம்.

நம்மூர் வட்ஸ்அப் குழுமங்களில் மூன்று வசனங்கள் அடிக்கடி கண்ணில் படுகின்றன.

ஒன்று: “சும்மாதானே தாறாங்க, இன்னும் கொஞ்சம் செஞ்சி தந்தா என்ன குறஞ்சிடும்?”

இரண்டு: “இது நன்மையான காரியம் தம்பி, கூலி அல்லாஹ்விடம் இருக்கு. முகம் சுளிக்காமச் செய்யுங்க.”

மூன்று: “இது சரிவராது, நாங்க புதுசா ஒண்டு செய்வம்.”

சொல்பவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஆனால் நமக்காகச் சம்பளமில்லாமல் உழைக்கிறவர்களைக் களைக்கச் செய்து, கடைசியில் அந்தப் பக்கமே வராமல் துரத்துவது இந்த மூன்று வசனங்கள்தான். இதுதான் என் வாதம்.

விஷயம் திறந்த மூல மென்பொருள் பற்றியது. பெயரைக் கேட்டதும் இது கம்பியூட்டர்காரர்களின் பிரச்சினை என்று தள்ளிவிடாதீர்கள். உங்கள் கையில் உள்ள அன்ட்ரொயிட் போனின் அடியில் ஓடுவது லினக்ஸ். பிள்ளைகள் ஒப்படைக்குத் தகவல் தேடும் தமிழ் விக்கிப்பீடியா ஓடுவது மீடியாவிக்கி என்ற மென்பொருளில். பழைய ஈழத்து நூல்களும் பத்திரிகைகளும் தேடிப்போகும் நூலகம் தளமும் அதே மீடியாவிக்கியில்தான். காசு கட்ட முடியாதவர்கள் வினாத்தாள் அடிப்பது லிப்ரே ஒபிஸில். கணினியில் தமிழ் அடிக்கப் பலருக்கு முதலில் கிடைத்தது எ-கலப்பை. இவற்றின் கோட் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. யாரும் பார்க்கலாம், திருத்தலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம்.

லினக்ஸ் மாதிரிப் பெரியவற்றுக்குக் கம்பனிகள் சம்பளம் கொடுத்து ஆட்களை வைத்திருக்கின்றன. ஆனால் அந்தப் பெரியவற்றுக்குள்ளே செங்கல் செங்கலாக ஆயிரக்கணக்கான சிறிய மென்பொருட்கள் இருக்கின்றன. அவற்றில் பலவற்றைப் பார்த்துக்கொள்வது ஒருவர், மிஞ்சினால் இருவர். பகலில் வேறு தொழில் செய்துவிட்டு, இரவில் வீட்டில் பிள்ளைகள் தூங்கிய பிறகு உட்காருகிறவர்கள். அவர்களைத்தான் பராமரிப்பாளர் என்கிறோம்.

ஊர்க் கிணறு என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் எல்லோருக்கும் பொது. ஆனால் கிணறு இறைக்க ஆள் வேண்டும், கயிறு மாற்ற ஆள் வேண்டும், கட்டு இடிந்தால் பூச ஆள் வேண்டும். சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையோரக் கிணறுகளெல்லாம் உப்பேறிக் கிடந்ததை நாம் பார்த்தவர்கள். கிணறு தன்னைத் தானே இறைத்துக்கொள்ளாது.

ஐந்தாம் வகுப்புக் கணக்கு ஒன்று போடுவோம். கிழமைக்கு 5 மணித்தியாலம் ஒதுக்கக்கூடிய ஒரு தொண்டர். 300 நிமிடம். அவருக்கு ஒரு கிழமையில் 20 பேர் எழுதுகிறார்கள். ஒருவருக்கு வாசித்து, சோதித்து, பதில் எழுத 10 நிமிடம். 200 நிமிடம் போயிற்று. மிச்சம் 100 நிமிடம். அதற்குள் பாதுகாப்புக் குறையை அடைக்க வேண்டும், புதிய விண்டோஸ் வந்தால் அதற்கேற்ப மாற்ற வேண்டும், யாரோ அனுப்பிய திருத்தத்தை வரி வரியாகப் பார்க்க வேண்டும். அந்த 20 பேரும் ஆளுக்கொரு புதிய வசதி கேட்டிருந்தால்? ஒவ்வொருவர் கண்ணுக்கும் அவரவர் கேட்டது “ரெண்டு நிமிஷ வேல”. அந்த 300 நிமிடம் யார் கண்ணுக்கும் தெரிவதில்லை.

இன்னொன்று. 1996இல் நம் நாட்டின் கடிகாரத்தை முன்னுக்குத் தள்ளியதும், 2006 ஏப்ரலில் மீண்டும் பழைய ஐந்தரைக்கே கொண்டுவந்ததும் பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். உலகில் எந்த நாடு எப்போது நேரத்தை மாற்றியது என்பதை ஒரு தரவுத்தளமாக எழுதி வைத்திருக்கிறார்கள். உங்கள் போனில் நேரம் சரியாகக் காட்டுவதும், அதை நம்பித் தொழுகை நேர அப் பாங்கு சொல்வதும் அதன் தயவில்தான். அமெரிக்காவில் ஆர்தர் டேவிட் ஓல்சன் தொடங்கியது. இப்போது ஒருங்கிணைப்பவர் போல் எகர்ட். சுற்றிலும் சில தொண்டர்கள். 2011இல் ஒரு ஜோதிட மென்பொருள் கம்பனி இந்த இருவர் மீதும் வழக்குக்கூடப் போட்டது. அடுத்த வருடம் வாபஸ் வாங்கிக்கொண்டது.

2023 மார்ச்சில் லெபனான் அரசாங்கம், நோன்பு காலம் என்பதால் கோடைகால நேர மாற்றத்தைத் தள்ளிப்போடுகிறோம் என்று கடைசி நேரத்தில் அறிவித்தது. ஒரே நாட்டில் இரண்டு நேரம் ஓடியது. சில நாட்களில் பிரதமர் பின்வாங்கினார். அந்தக் கூத்துக்காக இந்தத் தொண்டர்கள் ஒரு கிழமைக்குள் இரண்டு தடவை புதிய பதிப்பு வெளியிட வேண்டி வந்தது. ஒரு அரசாங்கம் யோசிக்காமல் எடுத்த முடிவின் செலவு, சம்பந்தமே இல்லாத சிலரின் இரவுத் தூக்கத்தில் கழிந்தது.

இப்போது மூன்று வசனங்களுக்கும் வருகிறேன்.

“சும்மாதானே தாறாங்க.”

இணையத்தில் வங்கிக் கணக்கைத் திறக்கும்போது பக்கத்தில் பூட்டு அடையாளம் வருமல்லவா? உலகின் பெரும்பகுதி இணையத்தளங்களுக்கு அந்தப் பூட்டைக் கொடுத்தது ஓப்பன் எஸ்எஸ்எல் என்ற இலவச மென்பொருள். 2014 ஏப்ரலில் அதில் ஒரு பெரிய ஓட்டை வெளிப்பட்டது. ஹார்ட்பிளீட் என்று பெயர் வைத்தார்கள். கடவுச்சொற்கள் கசியக்கூடிய ஓட்டை. உலகமே பதறி, இதை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று தேடிப் போனபோதுதான் உண்மை தெரிந்தது: முழுநேரமாக ஒருவர். வருடத்துக்குக் கிடைத்த நன்கொடை சுமார் 2,000 டொலர். கோடிகோடியாகச் சம்பாதிக்கும் வங்கிகளும் கம்பனிகளும் அந்தப் பூட்டை மாட்டிக்கொண்டு, பூட்டுச் செய்தவரின் வீட்டு அடுப்பு எரிகிறதா என்று எட்டிப் பார்க்கவில்லை. வெட்கப்பட்ட பிறகு கூகுள், மைக்ரோசொப்ட், பேஸ்புக் எல்லாம் ஒன்றுசேர்ந்து காசு போட்டன. அதே வருடத்தில். அப்படியென்றால் கொடுக்க முடியாமல் இருந்ததில்லை. கேட்பாரில்லை, அவ்வளவுதான்.

விலை இல்லை என்பதற்குச் செலவு இல்லை என்று பொருள் எடுத்தால் இப்படித்தான் முடியும். செலவை யாரோ ஒருவர் தன் ஆயுளில் இருந்து எடுத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

“நன்மை கிடைக்கும், முகம் சுளிக்காமச் செய்யுங்க.”

இந்த வசனம்தான் எனக்கு அதிகம் கோபம் தருகிறது. கூலியை இறைவன் கொடுப்பான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்தக் கூலியை அடுத்தவனுக்கு வாக்குக் கொடுத்து அவனிடம் வேலை வாங்க நமக்கு யார் அதிகாரம் தந்தது? சதகதுல் ஜாரியா என்ற சொல்லைக் கொடுப்பவர் தன் நிய்யத்தாகச் சொல்லலாம். வாங்குபவர் அதை நெருக்குகிற கோலாகத் தூக்கக் கூடாது. வக்ப் சொத்தைப் பற்றிப் பிக்ஹு பாடத்தில் படித்தவர்களுக்குத் தெரியும்: வருமானத்தில் முதல் உரிமை அந்தச் சொத்தின் பராமரிப்புக்கு. தோப்பு காய்ந்து போனால் தேங்காய் எங்கிருந்து வரும்? சொத்துக்கே இந்த நியாயம் என்றால், அதைப் பார்த்துக்கொள்கிற மனுசனுக்கு?

இந்த நெருக்குதல் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஒரு கதை. எக்ஸ்-இசெட் என்று ஒரு சிறிய மென்பொருள். கோப்புகளைச் சுருக்கப் பயன்படுவது. பெரும்பாலான லினக்ஸ் கணினிகளில் இருக்கிறது. பின்லாந்தைச் சேர்ந்த லாசே கொலின் என்ற ஒரே ஒரு தொண்டர் வருடக்கணக்காகப் பார்த்துக்கொண்டு வந்தார். 2022இல் சில பெயர்கள் அவருக்கு எழுதத் தொடங்கின. ஏன் இவ்வளவு தாமதம், உங்களால் முடியாவிட்டால் வேறு ஆளிடம் கொடுங்கள் என்று. தனக்கு நீண்டகால மனநலப் பிரச்சினை இருப்பதையும், இது சம்பளமில்லாத வேலை என்பதையும் அந்த மனிதர் பகிரங்கமாகவே எழுதினார். நெருக்குதல் நிற்கவில்லை. அதே நேரத்தில் ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் மிகவும் அன்பாக, பொறுமையாக உதவிக்கொண்டிருந்தார். கடைசியில் சாவியில் பாதி அவர் கைக்குப் போனது.

2024 தொடக்கத்தில் அந்த “உதவியாளர்” மென்பொருளுக்குள்ளே கள்ளக் கதவு ஒன்றை வைத்தார். உலகெங்கும் உள்ள சேவர்களுக்குள் நுழையக்கூடிய கதவு. எல்லா இடத்துக்கும் பரவுவதற்கு முன் 2024 மார்ச் 29 அன்று அது அம்பலமானது. கண்டுபிடித்தவர் அன்ட்ரெஸ் பிரொய்ன்ட் என்ற பொறியியலாளர். வழமையாக உடனே திறக்கும் இணைப்பு அரை செக்கன் அளவு தாமதிக்கிறதே என்று சந்தேகப்பட்டுத் தோண்டிப் பார்த்தார். அந்த அரை செக்கனை அவர் கவனிக்காமல் விட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று யோசியுங்கள்.

நெருக்கிய அந்தப் பெயர்களும் அதே திட்டத்தின் பகுதிதான் என்று பலரும் சந்தேகிக்கிறார்கள். ஆனால் அவர்கள் ஏன் சந்தேகத்தைக் கிளப்பவில்லை தெரியுமா? சாதாரணப் பயனர்கள் எழுதுவதும் அதே தொனியில்தான். நாம் தினமும் பேசுகிற பேச்சு அவர்களுக்கு நல்ல மறைப்பாகப் போய்விட்டது. களைத்த தொண்டரைத் தனியே விட்டால், அடுத்து உதவ வருபவர் யார் என்று பார்க்கக்கூட அவருக்குச் சக்தி இருக்காது.

“நாங்க புதுசா ஒண்டு செய்வம்.”

இது நம் ஊர்வியாதி. இதற்கு நம் நாட்டுக் கதையே இருக்கிறது.

2004 டிசம்பர் 26. நிலாவெளிக்காரருக்கு அந்த நாளை நான் விவரிக்கத் தேவையில்லை. யார் காணாமல் போனார்கள், யார் எந்த முகாமில், எந்த நிறுவனம் எங்கே என்ன கொடுக்கிறது என்று ஒன்றும் தெரியாத நாட்கள். அந்த நேரத்தில் இலங்கையின் மென்பொருள் துறையைச் சேர்ந்த தொண்டர்கள் லங்கா சொப்ட்வெயார் பவுன்டேஷனை மையமாக வைத்து ஒன்றுகூடி, இரவு பகலாக ஒரு மென்பொருள் எழுதினார்கள். பெயர் ‘சஹன’. சிங்களத்தில் நிவாரணம் என்று பொருள். காணாமல் போனோர் பதிவு, முகாம் பதிவு, நிறுவனங்களின் பதிவு, உதவிக் கோரிக்கைகள் என்று எல்லாம் ஒரே இடத்தில். அரசாங்கம் அமைத்த தேசிய நடவடிக்கை மையம் அதைப் பயன்படுத்தியது. கோட் எல்லோருக்கும் திறந்தது. 2005இல் பாகிஸ்தான் பூமியதிர்ச்சி, 2006இல் பிலிப்பைன்ஸ் மண்சரிவு, அதே வருடம் இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா, 2010இல் ஹெய்ட்டி. எல்லா இடத்துக்கும் போனது. 2006க்கான சமூகப் பயன் விருதைச் சுதந்திர மென்பொருள் அறக்கட்டளை இதற்குக் கொடுத்தது. நம் கண்ணீரில் பிறந்த ஒரு பொருள் உலகத்துக்கு உதவியது. பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டிய பெருமை.

ஆனால் பெருமைக்குப் பின்னால் இருக்கிற பாடத்தையும் சொல்ல வேண்டும். அனர்த்தத்தின் சூடு ஆறியதும் தொண்டர்கள் தங்கள் தொழிலுக்குத் திரும்பத்தான் வேண்டும். வீட்டு வாடகை காத்திராது. சுவீடனின் சீடா நிறுவனம் நிதி கொடுத்ததால்தான் ஒரு சிறு குழு அமர்ந்து, அவசரத்தில் எழுதியதை ஒழுங்காக மறுபடி கட்ட முடிந்தது. 2009இல் சஹன சொப்ட்வெயார் பவுன்டேஷன் என்று அமெரிக்காவில் தனி அமைப்பானது. அதற்குப் பிறகு ஒரு கிளை பைத்தன் மொழியில், ஒரு கிளை பிஎச்பி மொழியில் என்று போய், எடென், வெசூவியஸ், மயோன் என மூன்று மென்பொருட்கள். ஒவ்வொன்றுக்கும் அதனதன் நியாயம் இருந்தது. ஆனால் கூட்டிக் கழித்துப் பாருங்கள். ஒரே குடும்பம், மூன்று வீடு. மழை மூன்று கூரையிலும் பெய்யும்.

2025 நவம்பரில் டித்வா புயல். அப்போதும் நம் இளைஞர்கள் சில நாட்களுக்குள் உதவி கோருவதற்கும் உதவி செய்வதற்கும் இணையத்தளங்களைக் கட்டினார்கள். அவர்களுக்கு ஆயிரம் நன்றி. என் கேள்வி அவர்களிடம் இல்லை, நம்மிடம். 2004இலும் புதிதாகக் கட்டினோம், 2025இலும் புதிதாகக் கட்டினோம். நடுவில் 21 வருடம். அடுத்த வெள்ளம் வரும்போது யாரோ ஒரு பிள்ளை நித்திரை முழித்து மறுபடியும் முதல் வரியில் இருந்து எழுத வேண்டுமா? அடிக்கல் நாட்ட மாலையும் மைக்கும் கொண்டு வருகிற நாம், ஓடு மாற்ற ஏணி பிடிக்க ஏன் வருவதில்லை?

உயர்தரத்தில் தகவல் தொழினுட்பம் படிக்கிற பிள்ளைகளுக்கும், அவர்களை ஊக்கப்படுத்துகிற நம் ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. உதவி என்ற பெயரிலும் தொல்லை கொடுக்கலாம். ஒவ்வொரு ஒக்டோபரிலும் ஹக்டோபர்பெஸ்ட் என்று ஒரு இயக்கம் நடக்கும். திறந்த மூலத் திட்டங்களுக்குத் திருத்தம் அனுப்பினால் ஒரு டீ-ஷேர்ட் என்று அறிவித்திருந்தார்கள். 2020இல் அந்த டீ-ஷேர்ட்டுக்காக ஆயிரக்கணக்கானோர் ஒரு சொல்லை மாற்றி, ஒரு தலைப்பில் ‘அருமையான’ என்று சேர்த்து அனுப்பித் தொண்டர்களை மூழ்கடித்தார்கள். விருப்பம் தெரிவித்த திட்டங்களுக்கு மட்டும் என்று விதியையே மாற்ற வேண்டி வந்தது. இப்போது இன்னொரு வெள்ளம். கர்ல் என்ற மென்பொருளைப் பார்த்துக்கொள்ளும் டேனியல் ஸ்டென்பர்க், செயற்கை நுண்ணறிவிடம் எழுதி வாங்கி அனுப்பப்படும் போலிப் பிழை அறிக்கைகளால் தம் குழுவின் நேரம் வீணாவதைத் திரும்பத் திரும்பச் சொல்லிவருகிறார். எழுதியவருக்கு ஒரு நிமிடம். அது பொய் என்று கண்டுபிடிக்க இவர்களுக்கு மணித்தியாலங்கள். சான்றிதழுக்கும் பெயருக்கும் உதவி செய்யப் போகிறவர், உதவி பெறுகிறவர்.

இனி, எனக்கு எதிராக வரக்கூடிய நியாயமான கேள்விகள்.

“பிழையைச் சொல்லாட்டி எப்படிச் சேர் திருந்தும்?” சொல்லத்தான் வேண்டும். ஆனால் “வேல செய்யுதில்ல” என்பது தகவல் இல்லை, புலம்பல். டொக்டரிடம் போய் “சுகமில்ல” என்று மட்டும் சொல்லிவிட்டு மருந்து கேட்பீர்களா? என்ன போன், என்ன பதிப்பு, எதை அழுத்தியபோது என்ன நடந்தது, ஒரு ஸ்கிரீன்ஷொட். முன்பே யாராவது சொல்லியிருக்கிறார்களா என்று ஒரு தேடல். நீங்கள் செலவழிக்கும் ஐந்து நிமிடம் அவருக்கு அரை மணித்தியாலம் மிச்சம்.

“சில பேர் எரிஞ்சி விழுறாங்களே?” உண்மை. அது அழகில்லை. ஆனால் மறுப்பதையும் எரிந்து விழுவதையும் ஒன்றாக்காதீர்கள். “முடியாது” என்று சொல்ல ஒரு தொண்டருக்கு முழு உரிமை இருக்கிறது. நூறு பேருக்கும் தலையாட்டிவிட்டு ஆறு மாதத்தில் காணாமல் போகிறவரைவிட, தொண்ணூறு பேருக்கு மறுத்துவிட்டுப் பத்து வருடம் நிற்கிறவர் ஊருக்கு நல்லவர்.

தொண்டர்களுக்கும் சொல்கிறேன். எதைச் செய்வீர்கள், எதைச் செய்ய மாட்டீர்கள் என்று முன்வாசலிலேயே எழுதி வையுங்கள். கடவுச்சொல்லையும் வேலை முறையையும் நீங்கள் நேரில் அறிந்த, நம்பிக்கையான இன்னொருவருக்காவது கற்றுக்கொடுங்கள். நிறுத்த வேண்டி வந்தால் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். ஓய்வெடுப்பது துரோகம் இல்லை.

நிலாவெளி, இக்பால் நகர், இறக்கக்கண்டி, குச்சவெளி, புல்மோட்டை. நம் பக்கம் கோட் எழுதுகிறவர்கள் குறைவு என்று கை கழுவ வேண்டாம். கோட் எழுதாமல் செய்யக்கூடிய வேலைதான் அதிகம். தமிழ் ஆசிரியர்களே, நீங்கள் பயன்படுத்தும் மென்பொருளில் தமிழ் மொழிபெயர்ப்பு கோணலாக இருக்கிறது என்று சிரிக்கிறோமே, அதைத் திருத்தும் பகுதி திறந்துதான் இருக்கிறது. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவை ஆரம்பத்தில் இருந்து கட்டியெழுப்பியவர் நம் நாட்டவரான இ. மயூரநாதன். புதிய கட்டுரை எழுத ஆள் வருகிறது. யாரோ கிறுக்கிவிட்டுப் போனதை அழிக்கவும், பிழையான ஆண்டைத் திருத்தவும் ஆள் குறைவு. நம் கிராமங்களைப் பற்றிய கட்டுரைகளையாவது நாம் பார்த்துக்கொள்ளலாம். தொடக்கநிலைப் பயனர்களின் கேள்விக்குத் தமிழில் பதில் எழுதலாம். அதனால் ஒரு பராமரிப்பாளருக்குக் கிழமைக்கு ஒரு மணித்தியாலம் மிஞ்சினாலும் அது பெரிய கொடை.

காசு உள்ளவர்கள் காசு கொடுங்கள். இலவச மென்பொருளை வைத்துத் தொழில் நடத்துகிற கடைகள், டியூட்டரிகள், ஹோட்டல்கள் மாதத்தில் ஒரு சிறு தொகை ஒதுக்கலாம். பழைய மாணவர் சங்கங்கள் ஒரு விளையாட்டுப் போட்டிக் கிண்ணத்தின் விலையை வருடத்துக்கு ஒரு முறை நூலகம் போன்ற ஒன்றுக்கு அனுப்பலாம். ஒரு தடவை பெரிதாகக் கொடுத்துப் படம் பிடிப்பதைவிட, மாதாமாதம் சின்னதாக வருவது பராமரிப்புக்கு உதவும்.

ஊரில் அடுத்த தடவை யாராவது புதிய அப், புதிய தளம், புதிய குழு தொடங்கலாம் என்று கூட்டம் வைத்தால், தலைவர் யார், செயலாளர் யார் என்று கேட்பதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: மூன்றாவது வருடத்தில் இதைப் பார்த்துக்கொள்ளப்போவது யார்? பதில் இல்லையென்றால், ஏற்கனவே ஒருவர் தனியாக இழுத்துக்கொண்டிருக்கிற ஒன்றைத் தேடிப் போய், அவருக்குப் பக்கத்தில் நின்று கயிற்றைப் பிடியுங்கள். கரைவலை இழுக்கிற ஊருக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

சரியென்று பட்டால் பகிருங்கள். பிழையென்று பட்டால் காரணத்தோடு எழுதுங்கள், வாசிக்கிறேன். ஆனால் பதிலுக்கு அவசரப்படுத்தாதீர்கள். நாளைக்கு எனக்கு முதலாம் பாடவேளையே வகுப்பு.